பண்ணையம் பார்த்த ஆத்தாக்கள்

எங்கள் பக்கம் பெரியவர் ஒருவர் தவறினால் அன்றைக்கே அஞ்சலிப் பலகை கட்டிவிடுவார்கள். பெண்ணாக இருந்தால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், பேரன் பேத்திகள் இத்தனை பேர் என்று இருக்கும். பாசமானவர், உழைப்பாளி என்று இரண்டு வரி சேரும். அந்த அம்மாவுக்கு என்ன வேலை தெரியும், எதில் கை தேர்ந்தவர் என்று ஒரு வரிகூட இருக்காது. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

1950, 60களில் கல்யாணமாகி காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், பெருந்துறைப் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு வாழ வந்த பெண்களில் இன்று இருப்பவர்கள் எண்பதை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள். அவர்கள் பார்த்த பண்ணையத்தை வேலை வேலையாக எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. உழவும், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை இறைப்பும் ஆண்கள் பொறுப்பு. களத்திலிருந்து தானியம் வீட்டுக்குள் நுழைந்தால், அடுத்த விதைப்பு வரை அது ஆத்தா பொறுப்பு. கண்ணபுரம் சந்தையிலும் அந்தியூர்ச் சந்தையிலும் மாடு பிடிப்பதும் விற்பதும் ஆண்கள்; அந்த மாடு தின்பது, கறப்பது, ஈனுவது எல்லாம் அவள் கண்காணிப்பில். களையெடுப்பு, கதிர் அறுப்பு, பருத்தி எடுப்பு, கடலைக்காய் ஆய்வது இதற்கெல்லாம் மேல்.

விடியலுக்கு முன் கம்பு குத்துவதிலிருந்து தொடங்குகிறேன். தினமும் எதற்குக் குத்தினார்கள், ஒரே நாளில் பத்து நாளைக்குச் சேர்த்துக் குத்தி வைத்திருக்கலாமே என்று இப்போது கேட்கிறவர்கள் உண்டு. வைக்க முடியாது. கம்பில் 5 சதவீதம் அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது. அரிசியைவிடப் பல மடங்கு. முழுத் தானியமாக இருக்கும்வரை அது கெடாது. இடித்து மாவாக்கிய உடனே காற்றுப் பட்டுக் காறத் தொடங்கும். நாலைந்து நாளில் மாவு கசக்கும். அதனால்தான் அன்றாடம் வேண்டியதை அன்றாடம் குத்தினார்கள். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு இரண்டு கிலோ கம்பாவது வேண்டும்.

குத்துவதிலும் அளவு உண்டு. கம்பின் மேல் ஒரு கையளவு தண்ணீரைத் தெளித்துப் பிசறி, பத்து நிமிடம் மூடி வைப்பார்கள். மேல்தோல் மட்டும் நனைந்து இளக வேண்டும், உள்ளே பருப்புக்கு ஈரம் இறங்கக் கூடாது. தண்ணீர் கூடினால் உரலிலேயே நசுங்கிக் கூழாக ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் தோல் கழலும் முன்பே தானியம் உடைந்து, தவிட்டோடு மாவும் போய்விடும். ஒரு குத்துக் குத்திப் புடைத்துத் தவிடு நீக்கி, மறுபடி இடித்துச் சலித்தால் நொய் தனி, மாவு தனி. உலை கொதிக்கும்போது முதலில் நொய்யைப் போட்டு, அது முக்கால் பதம் வெந்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கிண்டுவார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மாவு வெந்து இறுகிவிடும், நொய் பல்லில் நறநறக்கும். ராத்திரி மிஞ்சினதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் காலையில் மோர் ஊற்றிக் கரைக்கக் கூழ். தவிடு மாட்டுக்கு. இந்த வேலை முழுக்கக் கோழி கூப்பிட்டு, மாட்டுக் கட்டுத்தரைக்குப் போவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

அரைவை மில் வந்தபோது பெண்கள் பட்ட நிம்மதியைக் குறைத்துப் பேசவே கூடாது. உரல் போனதே என்று வருத்தப்படுகிறவர்களில் உலக்கை பிடித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது மோர் கடைவது. கொங்கு நாட்டுப் பெண்ணின் சொந்த வருமானம் இங்கேதான் இருந்தது. ஊத்துக்குளி வெண்ணெய்க்கு இன்றைக்கும் பேர் இருக்கிறது. அந்தப் பேரை எடுத்துக் கொடுத்தது சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்த எருமைகளும் அவற்றைக் கவனித்த பெண்களும்தான். பசும்பாலில் 4 சதவீதம் ஒட்டிக் கொழுப்பு இருந்தால், எருமைப்பாலில் 7 சதவீதம் வரும். நாட்டு எருமை நாளைக்கு நாலைந்து லிட்டர் கறக்கும். குழந்தைகளுக்கும் வீட்டுக்கும் எடுத்தது போக, வாரத்தில் 20 லிட்டர் தயிரானால் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் வெண்ணெய் தேறும்.

பாலை வரட்டித் தணலில், மண்சட்டியில், மெதுவாகக் காய விடுவார்கள். தீ எரியக் கூடாது, தணல்தான். மத்தியானம் வரைக்கும் காய்ந்து லேசாகச் சிவந்து, மேலே கனத்த ஏடு கட்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் உறை. சூட்டோடு உறை ஊற்றினால் தயிர் திரிந்து தண்ணீர் விடும். நன்றாக ஆறின பின் ஊற்றினால் உறையவே நேரம் பிடித்து, அதற்குள் வேறு புளிப்பு ஏறிவிடும். மோர்ப்பானையைத் தேய்த்துக் கழுவி, ஒரு நேரமாவது வெயிலில் கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். ஈரப் பானையில் உறைந்த தயிர் நூல் விடும், அந்த வெண்ணெயில் ஒரு வாடை தங்கும். சந்தை வியாபாரி மோந்து பார்த்ததும் விலையைக் குறைப்பான்.

விடிகாலையில் மத்துக்கயிற்றைத் தூணோடு சேர்த்துக் கட்டிக் கடைவது அரை மணி நேர வேலை. பானையில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் தயிர் இருக்க வேண்டும், நிரம்பினால் அடி படாது. சித்திரை வெயிலில் வெண்ணெய் திரளாமல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டே இருக்கும். கொழுப்பு இளகிக் கிடப்பதால் ஒன்றோடொன்று ஒட்டாது. அதற்கு இருட்டிலேயே கடைய ஆரம்பித்து, மண்பானைத் தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றுவார்கள். மார்கழியில் நேர்மாறு. கொழுப்பு விறைத்துக் கிடக்கும், அப்போது வெதுவெதுப்பான தண்ணீர். எவ்வளவு என்பதைப் பானையின் வெளிப்பக்கம் கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கடுகு அளவில் திவலை தெரிய ஆரம்பித்து, குண்டுமணி அளவு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கடைந்தால் வெண்ணெய்க்குள் மோர் சிக்கிக்கொள்ளும், எத்தனை தடவை அலசினாலும் போகாது, சீக்கிரம் நாறும்.

திரட்டிய வெண்ணெயைத் தண்ணீரில் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றி, வாரச் சந்தைக்குப் போகும். சந்தை தவறினால் உருக்கி நெய்யாக்குவார்கள். ஒரு கிலோ வெண்ணெய்க்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக நெய் நிற்கும். சடசடவென்ற சத்தம் அடங்கியதும் முருங்கைக்கீரை ஒரு கொத்துப் போட்டு, கீரை மொறுமொறுப்பானதும் இறக்கிவிடுவது கணக்கு. சத்தம் அடங்கும் முன் இறக்கினால் தண்ணீர் மிச்சமிருந்து, ஒரு மாதத்தில் நெய் கெடும்.

இந்தக் காசும் முட்டைக் காசும்தான் சிறுவாடு. பருத்திப் பணமும் மஞ்சள் பணமும் ஆண் கையில் வந்து கடனுக்கும் கிணற்றுக்கும் போகும். உப்பு, புளி, பிள்ளைகளுக்குச் சிலேட்டு, மகளுக்குக் கம்மல், மழை பொய்த்த வருசத்தில் சோளம் வாங்குவது எல்லாம் சிறுவாட்டில். கொஞ்சம் கூடச் சேர்ந்தால் இரண்டு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்கி, காடில்லாத வீட்டுக்கு வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடுவார்கள். ஈனுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. மூன்று நாலு வருசத்தில் அது ஒரு சிறு பட்டியாகி நிற்கும். வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில், எழுத்துப் படிக்காத ஒரு பெண் இப்படி முதலீட்டைப் பெருக்கியிருக்கிறாள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி விதை. இந்தப் பதிவில் நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான், ஏனென்றால் சத்தமில்லாமல் முழுக்கக் கைவிட்டுப் போனது இதுவே.

சோளத்திலும் கம்பிலும் விதைக்கதிரைக் களத்தில் பொறுக்குவதில்லை, நிற்கும் பயிரிலேயே பார்த்து வைப்பார்கள். வரப்போரப் பயிருக்கு வெயிலும் இடமும் தாராளம், அதனால் கதிர் பெருத்துத் தெரியும். அதை நம்பி எடுக்கக் கூடாது. பக்கத்துக் காட்டு மகரந்தமும் ஓரத்தில்தான் அதிகம் விழும். காட்டு நடுவில், நெருக்கத்தில் நின்றும் கதிர் நிறைந்திருப்பதை அடையாளம் வைத்து, தனியாக அறுத்து, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். புகை ஏறிய கதிரை வண்டு அண்டாது.

கம்பில் இன்னொரு ஆபத்து உண்டு. பூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதிரில் தேன் மாதிரி வடியும், பிறகு மணியிருக்க வேண்டிய இடத்தில் கருப்பாகக் கட்டி நிற்கும். அது பூஞ்சாணம். தின்றால் வாந்தி, தலைச்சுற்றல் வரும். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கல்லுப்பைக் கரைத்துக் கம்பைக் கொட்டினால் கட்டிகளும் பொக்கும் மிதக்கும், நல்ல மணி அடியில் நிற்கும். மிதப்பதை அரித்து எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவ வேண்டும். உப்பு தங்கினால் விதை முளைக்காது.

துவரை, அவரை, தட்டைப்பயறு மூன்றுக்கும் எதிரி பயறு வண்டு. காட்டிலேயே முட்டையிட்டுக் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். விதையின் தோல் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. புழு பொரிந்து உள்ளே குடைந்து, வண்டாகி வெளியே வரும்போதுதான் ஓட்டை தெரியும். அதற்குள் பானை முழுக்கப் பரவியிருக்கும். இதற்குத்தான் செம்மண் கட்டுவது. சலித்த செம்மண்ணைக் கெட்டித் தயிர் பதத்துக்குக் கரைத்து, விதையைப் போட்டுப் புரட்டி, ஒவ்வொரு விதை மேலும் மண் பூசினது போல ஆனதும் வெயிலில் பரப்புவார்கள். மண் தண்ணியாக இருந்தால் காய்ந்ததும் உதிரும், விதையும் தண்ணீர் குடித்து உப்பிவிடும். அதனால் கரைசலில் ஊறவே விடாமல், புரட்டிய கையோடு வெயிலில் போட வேண்டும். முதலில் இரண்டு நாள் நல்ல வெயில் காட்டிய விதைக்குத்தான் மண் கட்ட வேண்டும். முட்டையும் புழுவும் உள்ளேயிருக்க, மேலே மண்ணைப் பூசி என்ன பயன்?

காய்ந்ததா என்று பார்க்கப் பல்தான் கருவி. துவரையைக் கடித்தால் ‘கடக்’கென்று இரண்டாகத் தெறிக்க வேண்டும். பல் பதிந்தால், “இன்னுமொரு வெயில் காட்டோணும் கண்ணு” என்று திரும்பவும் பாயில் கொட்டிவிடுவார்கள். இப்போதைய கணக்கில் ஈரம் 8, 9 சதவீதத்துக்கு இறங்கிய பதம் அது. நிறையப் பேர் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில். வெயிலில் கொதிக்கும் விதையை அப்படியே பானையில் கொட்டி வாயைக் கட்டினால், ராத்திரி பானை குளிரும்போது உள்ளே வேர்த்து, மேலாக இருக்கும் விதையில் பூசணம் பிடிக்கும். நிழலில் ஒரு ராத்திரி ஆற விட்டு, விடிந்த பிறகு பானையில் போட்டு, நொச்சி இலையும் காய்ந்த வேப்பிலையும் வைத்து, மேலே இரண்டு விரல் தடிமனுக்கு அடுப்புச் சாம்பலைக் கொட்டி, வாயைத் துணியால் கட்டிச் சாணியால் மெழுகுவார்கள். சாம்பல் சலித்த பொடியாக இருக்க வேண்டும். அது வண்டின் மேல்தோலை உராய்ந்து ஈரத்தை உறிஞ்சிச் சாகடிக்கும். கட்டியும் கரியுமான சாம்பலில் வண்டு ஊர்ந்து போய்விடும். சமையலுக்கு வைக்கும் பருப்புக்கு மண் ஆகாது, அதற்கு விளக்கெண்ணெய். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கையில் தடவிப் பிசறினால் போதும்.

பூசணி விதையைச் சாணியில் பிசைந்து சுவரில் வரட்டியாகத் தட்டி விடுவார்கள், சுரையும் பீர்க்கனும் முற்றின கூட்டிலேயே இருக்கும். கடலைக்காயை விதைக்கு ஒருபோதும் முன்கூட்டி உடைத்து வைப்பதில்லை. ஓடு இருக்கும்வரைதான் பருப்புக்கு முளைப்புத் திறன் நிற்கும். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு என்றால் 70, 75 கிலோ காய், எல்லாம் விதைப்புக்கு முந்தின வாரத்தில் கையால் உடைபடும். பெருவிரல் நகம் போய்விடும். ஆனால் மேல்தோல் கீறிய பருப்பு மண்ணில் அழுகும் என்பதால் இதில் குறுக்குவழி இருக்கவில்லை.

மாட்டுக்கு வருவோம். கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் இருக்கும்வரை கவலையில்லை. கோடையில் வெள்வேல மரத்தடியில் விழுந்த காயைக் கூட்டி ஆட்டுக்குப் போடுவது, கிளுவை வேலிச் சந்தில் முள் வைத்து அடைப்பது, தொட்டிக்குத் தண்ணீர் சேந்துவது பெண்கள் வேலை. கறவைக்குப் பருத்திக்கொட்டையை ராத்திரி ஊற வைத்து, காலையில் ஆட்டுக்கல்லில் ஆட்டி, புண்ணாக்கும் தவிடும் கலந்து கழுநீரில் வைப்பார்கள்.

இரண்டு விசயத்தில் வீட்டுப்பெண் கவனம் தப்பினால் மாடு போய்விடும். ஒன்று, இளஞ்சோளம். விதைத்து ஒன்றரை மாதத்துக்கு உட்பட்ட பயிரும், அறுத்த தாளில் மழைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பும், வறட்சியில் வாடி நிற்கும் பயிரும் விசம். அதிலிருந்து வயிற்றுக்குள் சயனைடு உண்டாகும். மேய்ந்த கொஞ்ச நேரத்திலேயே வாயில் நுரை தள்ளி, மூச்சு வாங்கி விழும். பூத்த பிறகு ஆபத்து குறைந்துவிடும். அதனால் அந்தப் பருவத்தில் சோளக்காட்டை ஒட்டிய படலை இரண்டு தடவை பார்த்துக் கட்டுவார்கள். இன்னொன்று, விருந்து முடிந்த மறுநாள். மிஞ்சிப்போன சோற்றை அண்டாவோடு மாட்டுக்கு வைத்தால் வயிற்றில் புளித்து அமிலம் ஏறும். அசை போடாது, நடை தள்ளாடும், படுத்தால் எழாது. ஆத்தாக்கள் மிச்சச் சோற்றை நிறையத் தண்ணீரில் கரைத்து, எல்லா மாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு ஊற்றினார்கள். இன்றும் பொங்கலுக்கு அடுத்த நாட்களில் கால்நடை மருத்துவரிடம் இந்தக் கேஸ் வரிசையாக வருவது, இந்த ஒரு பழக்கம் விட்டுப்போனதால்தான் என்று நினைக்கிறேன்.

கன்று பிறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழும் வரை பாலூட்டக் கூடாது என்று காத்திருக்கும் வழக்கம் சில வீடுகளில் இருந்தது, அது கன்றுக்குக் கேடு. மடியைக் கன்று முட்டினால்தான் நஞ்சுக்கொடியும் சீக்கிரம் கழலும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் கணக்கு, அதையும் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் இருப்பதுதான் அக்கம்பக்கத்துக்கு.

கோழி அடை வைப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாத முட்டை பத்துப் பன்னிரண்டு, கூடையில் மணல் பரப்பி வைக்கோல், 21 நாள். ஏழாம் நாள் இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பு நரம்பு தெரியும். தெரியாததை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும். அக்கினி நட்சத்திரத்தில் அடை வைத்தால் பாதிக்குமேல் கூமுட்டை.

இவ்வளவுக்கும் நடுவில்தான் பிள்ளைகள். வேம்போ வெள்வேலோ, காட்டு ஓரத்து மரத்தில் சேலையில் தூளி. கயிறு வழியே எறும்பு இறங்காமல் இருக்க மேலே மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றுவார்கள். களை வெட்டிக்கொண்டே வரிசை மரத்தடிக்கு வரும்போது பால் கொடுப்பது. ஆறு மாதத்துக்குப் பிறகு ராகி. ராத்திரி முழுக்க ஊற வைத்து, துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து இடித்துச் சலித்த மாவு. முளை கட்டாத மாவில் கஞ்சி காய்ச்சினால் கொஞ்சத்திலேயே கெட்டியாகிவிடும், தண்ணீர் ஊற்றி இளக்கினால் சத்து குறையும். முளை கட்டினால் மாவுச்சத்து உடைந்து, அதிக மாவு போட்டும் கஞ்சி இளக்கமாக நிற்கும். குழந்தையின் சிறு வயிற்றுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உடம்பு இதற்கெல்லாம் விலை கொடுத்தது. வரட்டிப் புகையில் கண்ணும் நெஞ்சும் கெட்டன. தண்ணீர்ச் சுமையிலும் குனிந்த களையெடுப்பிலும் முட்டி தேய்ந்தது.

1964இல் சிஎஸ்எச் 1 என்ற ஒட்டுச்சோளமும், 1965இல் எச்பி 1 என்ற ஒட்டுக்கம்பும் வெளியாயின. விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் ஒட்டு ரகத்தில் எடுத்த விதையை மறுபடி விதைத்தால் குணம் சிதறும். வருசா வருசம் கடையில் வாங்கியாக வேண்டும். அடுப்புக்கு மேலே கதிர் தொங்க வேண்டிய தேவை போயிற்று. அதோடு, எந்த விதையை எப்போது இறக்குவது என்ற பேச்சில் ஆத்தாவிடம் கேட்கும் வழக்கமும் போயிற்று. 70களில் அடிச்சாம்பல் நோய் அந்த ஒட்டுக்கம்புகளை வாரிக்கொண்டு போனபோது, பழைய நாட்டுக்கம்பு விதை பல வீடுகளில் இல்லை.

பால் சங்கம் வந்து காலையும் மாலையும் பால் கேனுக்குப் போனது. மழை பொய்த்தாலும் கையில் காசு வந்தது. அந்த நன்மை பெரிது. ஆனால் பல வீடுகளில் சங்கப் புத்தகம் ஆண் பேரில் இருந்தது, வெண்ணெய்க் காசு அவள் முந்தானையில் முடிந்தது போல இது முடியவில்லை. கறப்பது மட்டும் அவளிடமே நின்றது.

நிலமும் அப்படித்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பேரில் நடக்கும் பண்ணைகள் 14 சதவீதத்தை ஒட்டித்தான். தமிழ்நாட்டில் 1989இலேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமைச் சட்டம் வந்தது. கணவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பங்கில் மனைவிக்கும் பிள்ளைகளுக்குச் சமமான ஒரு பங்கு உண்டு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. பட்டா மாற்றும்போது மகன்கள் பேரில் மட்டும் எழுதி, அம்மாவிடம் கைநாட்டு வாங்குவது இன்னும் நடக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கப் போகிறது என்றால் அம்மா பேரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக எழுதுங்கள்.

உயிரோடு இருக்கும் ஆத்தாக்களிடம் கேட்டு எழுதி வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். “அந்தக் காலத்துல எப்படியிருந்தீங்க?” என்று கேட்டால், “கஷ்டந்தான் சாமி” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். துவரை வீட்டுக்கு வரும் தை, மாசியில் போங்கள். ஒரு கிலோ துவரையும் ஒரு கூடை செம்மண்ணும் எடுத்துப்போய், கட்டிக் காட்டச் சொல்லுங்கள். “தண்ணி ஒரு கை” என்று அவர் சொன்னால், அவர் கையாலேயே அள்ளி ஊற்றச் சொல்லி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மண் எந்த இடத்தில் வெட்டினது, எத்தனை வெயில், பானைக்கு எத்தனை இலை, எந்த மாதம் திறந்து பார்ப்பார்கள் என்பதையும் கேளுங்கள். முக்கியமாக, எந்த வருசம் வண்டு விழுந்தது, அப்போது என்ன தவறியது என்று கேட்க மறந்துவிடாதீர்கள்.